நின்றுபோன நிச்சயத்தின் முறுக்கு

குமரா,

கல்யாணப் பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு நீயும் அப்பாவும் குட்டி யானையில் ஏறி மலை இறங்கிவிட்டீர்கள். அந்தச் சின்ன லாரி கொண்டை ஊசி வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டதும் மில்லை நிறுத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் 'சரிம்மா, சரிம்மா' என்றபடி அந்தப் பக்கம் நீ வேறு வேலை பார்ப்பது எனக்குத் தெரியாதா? நேரில் சொன்னால் நீ சிரித்துவிடுவாய். நீ சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது காற்றோடு போய்விடும். காகிதத்துக்குச் சிரிக்கத் தெரியாது. அதனால் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. பெற்றவள் சந்தோஷமாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயந்து, 'ஏதோ நடக்குது' என்று இழுத்துப் பேசுவதுதான் நம் பக்கத்து வழக்கம். எனக்கு அந்த நடிப்பு வராது. தை பிறந்தால் உனக்கும் ரேவதிக்கும் கல்யாணம். சாமை அறுப்பு முடிந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. மில்லுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, அடித்த மறுநாளே தவிட்டுத் தூசி படிந்து பழையபடி ஆகிவிட்டது, அதுவும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஐந்து மாதத்துக்கு முன்னால் இந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசாமல் சோறு தின்றோமே, அந்த நாட்களை நினைத்துக்கொண்டால் இப்போது எதைப் பார்த்தாலும் சிரிப்பாக வருகிறது.

நாம் ஒடுகத்தூர்க்காரர்கள். அங்கே நெல் மில்லுக்குப் பஞ்சமில்லை என்று உன் அப்பா, சாமை விளைகிற இடத்திலேயே மில் போட்டால் என்ன என்று மலைமேல் கொண்டுவந்து மெஷினை இறக்கினார். நீ அப்போது கைக்குழந்தை. தொட்டில் கட்ட நல்ல விட்டமில்லாத கொட்டகை என்பதால் தவிட்டு மூட்டைகளை நெருக்கி அடுக்கி, நடுவில் ஒரு குழி பண்ணி, அதில் உன்னைக் கிடத்துவேன். மெஷின் ஓடுகிறவரை தூங்குவாய், நின்றால் அழுவாய். நடக்கத் தொடங்கிய பிறகு புருவம், இமை, காது மடல் எல்லாம் தவிடு பூசிக்கொண்டு கிழவன் மாதிரி திரிவாய். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது டீச்சர், 'பையனுக்குத் தலையில பொடுகு, டாக்டருகிட்ட காட்டுங்க' என்று சொல்லி அனுப்பினாரே, ஞாபகம் இருக்கிறதா? நான் உன் தலையைத் தட்டிக் காட்டிய பிறகுதான் அவர் சிரித்தார். தவிடு உன்மேல் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது, நீதான் வேலூருக்குப் படிக்கப் போன பிறகு கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

ஆரம்பத்தில் சாமையைத் தோல் நீக்கி அப்படியே பழுப்பாகக் கொடுப்போம். பிறகு டவுனில் இருந்து வாங்க வந்தவர்கள், 'இன்னாமா இது அழுக்கா கீது, வெள்ளையா குடுங்க' என்றார்கள். சரி என்று தீட்டும் மெஷினை வாங்கினோம். தீட்டத் தீட்ட சாமை வெளுத்தது, சத்தெல்லாம் தவிட்டோடு கீழே கொட்டியது. அப்படிக் கொட்டியதை எல்லாம் வாரிக்கொண்டு போனவர்தான் கண்ணமங்கலம் மாணிக்கம் அண்ணன். மாட்டுத் தீவனக் கடைக்காரர். எனக்கு ஏதோ ஒரு சுற்று வழியில் அண்ணன் முறை. வெள்ளையாகத் தின்றவர்களுக்கு அவர் கடையில் கட்டிக்கிடந்த பசுவுக்கு இருந்த தெம்பில் பாதிகூட இருந்திருக்காது. இப்போது அதே டவுன்காரர்கள், நீ தவிட்டிலிருந்து பிரித்தெடுக்கிற சத்தைப் பாட்டிலில் கேட்கிறார்கள். தட்டில் இருந்ததைத் தள்ளிவிட்டு மருந்துக் கடையில் போய்த் தேடுகிறார்கள். நமக்கு என்ன, இரண்டு பக்கமும் வேலை கிடைக்கிறது.

மாணிக்கம் அண்ணனுக்கு மூக்குதான் தொழில். மூட்டையைப் பிரித்ததும் ஒரு பிடி தவிட்டை எடுத்து, கையை இறுக்கி மூடித் திறப்பார். கொழுக்கட்டை மாதிரி நின்றால் எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் முகர்வார். எண்ணெய் கெட்ட சிக்கு வாடை கொஞ்சம் தட்டினாலும் மூட்டையைக் காலால் தள்ளிவிடுவார். தவிட்டுக்கு ஆயுசு குறைச்சல் என்று நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஏன் என்றுதான் இரண்டு பேருக்கும் தெரியாது. நீ படித்துவிட்டு வந்து சொன்னாய். தானியத்துக்குள் இருக்கிறவரை எண்ணெய் ஒரு பக்கமும் அதைக் கெடுக்கிற சங்கதி இன்னொரு பக்கமும் தனித்தனியாகத்தான் இருக்கிறதாம். தீட்டும்போது இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது, அந்த நிமிஷமே கெட ஆரம்பித்துவிடுகிறது. மெஷினை விட்டு விழுந்த கையோடு ஆவி காட்டிவிட்டால் அப்புறம் கெடாது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் நாளைக்கு அது தவிடு இல்லை, குப்பை. இதை நீ சொன்னபோது நான் தவிட்டைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. உன் அப்பாவும் நானும் இங்கே மில் போட்ட புதிதில், தீட்டுகிற மெஷின் வாங்குவதா வேண்டாமா என்று ஒரு வார்த்தை தடித்து, அதை அன்றைக்கே தீர்க்காமல் இரண்டு பேரும் உள்ளே வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுவதும் முகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். சண்டை போடாமல் குடும்பம் நடத்து என்று நான் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு குடும்பத்தை நான் பார்த்ததில்லை. சூட்டோடு ஆவி காட்டிவிடு. அவ்வளவுதான்.

பழைய உமிக் கொட்டகையை நீ கழுவி, வெள்ளையடித்து, அந்தப் பெரிய ஸ்டீல் பானைகளையும் குழாய்களையும் பூட்டியபோது மலையே வந்து எட்டிப் பார்த்தது. ஆவி காட்டிய தவிட்டை ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்து ஊறவைத்து, வடிகட்டி, ஸ்பிரிட்டை மட்டும் ஆவியாக்கித் திரும்பப் பிடித்துக்கொண்டால் அடியில் பழுப்பாக, பாகு மாதிரி ஒன்று நிற்கும். அதற்கு நீ வைத்த பெயர் என் வாயில் நுழையாததால் நான் 'சாறு' என்றே சொல்லி வருகிறேன். ஸ்பிரிட் வாசம் காற்றில் வந்த அன்று, சாமை அரைக்க வந்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, 'தம்பி நல்லாத்தான் காய்ச்சறாரு போல, ஒரு டம்ளர் குடுத்தா பாத்து சொல்லுவேன்' என்றார். அனுமதி வாங்கித்தான் செய்கிறான், குடிக்கிற சமாச்சாரம் இல்லை என்று சொல்லி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்தச் சாற்றின் வேடிக்கை என்ன தெரியுமா, குமரா? தவிட்டைப் போலச் சீக்கிரம் கெடுகிற பொருள் இந்த மில்லில் வேறெதுவும் கிடையாது. அதற்குள்ளே ஒளிந்திருப்பதோ மற்ற எண்ணெயையும் பலகாரத்தையும் கெடாமல் காக்கிற சத்து. பிஸ்கட் கம்பெனிக்காரர்கள் சாம்பிள் கேட்டு எழுதிய அன்று, 'இது இன்னாடா, தன் வூட்டுக்கு உதவாத பிள்ளை மாதிரி கீது' என்று உன் அப்பா சொன்னார். நீ கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்து போனாய்.

ரேவதி கதைக்கு வருகிறேன். மாணிக்கம் அண்ணனின் மகள். கடையில் கல்லாவில் உட்காருபவள், மூட்டை தூக்குகிறவர்களை அதட்டுபவள், எந்த மாட்டுக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று தலைகீழாகச் சொல்பவள். தவிட்டு லோடு இறக்கப் போகிறேன் என்று நீ அப்பாவோடு அடிக்கடி மலை இறங்க ஆரம்பித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அதுவரைக்கும் லோடுக்குப் போகச் சொன்னால் உனக்கு முதுகு வலிக்கும். நான் கேட்டதும் நீ தரையைப் பார்த்தாய். நல்ல பெண், நல்ல இடம், வேறென்ன வேண்டும் என்று ஆனி மாதத்தில் நிச்சயத்துக்கு நாள் பார்த்தோம். நான் முறுக்குச் சுட்டேன். எண்ணெய் காய்கிற நேரத்தில் நீ ஒரு சின்ன பாட்டிலோடு வந்து, 'அம்மா, இதுல ரெண்டு சொட்டு வுடறேன், ஒன்னியும் ஆவாது' என்று சாற்றை விட்டாய். நான் கரண்டியால் உன் கையில் ஒன்று போட்டேன். ஆனாலும் விட்டுவிட்டாய். பெரிய டின் நிறைய முறுக்கு, தட்டு நிறையத் தாம்பூலம், அதோடு நீ ஆசையாகக் கட்டி எடுத்து வந்த ஒரு மூட்டை, சாறு எடுத்த பிறகு காயவைத்த தவிடு. மாமனார் ஆகப்போகிறவருக்கு உன் வித்தையைக் காட்ட வேண்டும் என்று உனக்கு ஆசை. தங்கம் கொண்டுபோகிறவன்கூட அத்தனை பெருமையாகப் போயிருக்க மாட்டான்.

நடந்ததை நீ இன்றும் நினைத்தால் சுருங்கிப்போகிறாய், எனக்குத் தெரியும். ஆனால் நான் நினைத்தால் சிரிக்கிறேன், அதனால் என் கண்ணால் ஒரு தடவை பார். வாசலில் ஷாமியானா. பாக்கு வெற்றிலை மாற்றுவதற்கு முன்னால் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். மாணிக்கம் அண்ணன் உன் மூட்டையைப் பிரித்து வழக்கம்போல ஒரு பிடி எடுத்து இறுக்கினார். கையைத் திறந்தால் அது மணலாக விரல் சந்தில் கொட்டிவிட்டது. 'இன்னா மாப்ள, கைல நிக்கவே மாட்டேங்குது' என்றார். முகர்ந்தார், முகம் சுளித்தார். நீ விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஒரு வாளியில் கொட்டிக் கொண்டுபோய் லட்சுமி முன்னால் வைத்தார். லட்சுமி அவருடைய செல்லப் பசு, அவருக்கு மூத்த மகள் மாதிரி. வாளிக்குள் மூக்கை விட்டாள், பெருமூச்சு மாதிரி ஒன்று விட்டாள், தலையை ஆட்டி வாளியைத் தள்ளிக் கவிழ்த்துவிட்டு, நம் எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.

பந்தலில் யாரோ ஒருவர், 'மாடு மொகத்தைத் திருப்பினா சகுனம் சரியில்ல' என்றார். அதை விட்டிருக்கலாம். ஆனால் மாணிக்கம் அண்ணன் கவிழ்ந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்: 'சாறு உங்க வூட்டுக்கு, சக்கை எங்க வூட்டுக்கா, தங்கச்சி? தவிட்டுல இப்பிடி செய்யறவங்க, கட்டிக்கினு போற பொண்ணுகிட்ட இன்னா செய்வாங்க?' எனக்கு ஏறிவிட்டது. என் வாய் உனக்குத் தெரியாததா. 'அண்ணா, நாங்க உங்க பொண்ணைக் கேட்டு வந்தோம், மாட்டைக் கேட்டு வரல' என்றேன். சிரித்திருந்தால் அந்தப் பேச்சு வேடிக்கையாகப் போயிருக்கும். நான் சிரிக்காமல் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். வெற்றிலைத் தட்டு கொண்டுபோனபடியே திரும்பி வந்தது. வண்டி ஏறித் திரும்பினோம். மேலே ஏறி இரண்டாவது வளைவு திரும்பும்போது உன் அப்பா, 'முறுக்காவது நம்மளோட வந்துச்சே' என்றார். நீ அந்தப் பேச்சுக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அன்றைக்கு அந்த டின்னை எடுத்து, கண்ணில் படாமல் பரணில் ஏற்றிவிட்டேன்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. பெண்ணைப் பெற்றவன் வேறென்ன கேட்பான்? தன் வீட்டில் சிரித்துக்கொண்டு, அதட்டிக்கொண்டு, கல்லாவில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறவளை அனுப்பிவைத்தால், எடுக்கிற வேலையெல்லாம் எடுத்துக்கொண்டு நாலு வருஷத்தில் கையில் நிற்காத பொடியாக்கித் திருப்பி நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். அப்படி ஆன பெண்களை அவரும் பார்த்திருப்பார், நானும் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்துக்கு நான் வாயால் பதில் சொன்னேன். நீ வாயைத் திறக்கவில்லை. கொட்டகைக்குள் போனாய்.

போனவன் சும்மா கிடந்துவிடுவாயோ என்றுதான் நான் பயந்தேன். உன்னைக் கிளப்பிவிட்டவள் ரேவதிதான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் காப்பி கொண்டுவந்தபோது கொட்டகைக்குள் போனில் அவள் குரல் ஸ்பீக்கரில் கேட்டது. ஒட்டுக்கேட்டேன், ஆமாம், அம்மாக்களுக்கு அதற்கு உரிமை உண்டு. 'எங்க அப்பா மனசு இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு மாறும். மாடு மாறாது. நீ எங்க அப்பாவை வுடு, மாட்டைப் பாரு' என்றாள். நான் காப்பியை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், எத்தனை தட்டு திரும்பி வந்தாலும் இந்த வீட்டுக்கு மருமகள் இவள்தான் என்று.

அதற்குப் பிறகு நீ மாட்டைத்தான் பார்த்தாய். முன்பெல்லாம் ஒரே தவிட்டைத் திரும்பத் திரும்ப ஊறவைத்து, கடைசிச் சொட்டு வரை பிழிந்துவிட வேண்டும் என்று நிற்பாய். இப்போது ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டாய். 'இன்னும் இருக்குமேடா உள்ள' என்று கேட்டேன். 'இருக்கட்டும்மா, அது மாட்டுக்கு' என்றாய். ஸ்பிரிட் வாடை போகிறவரை மறுபடி ஆவி காட்டி, கல்லின்மேல் பரப்பி வெயிலில் காயவைத்தாய். பக்கத்து வீட்டு மாடுகளுக்கெல்லாம் வைத்துப் பார்த்தாய். முதலில் அவை முகர்ந்துவிட்டு உன்னைப் பார்த்தன. அப்புறம் அரை வாளி தின்றன. அப்புறம் நீ கொட்டகையைத் திறந்தாலே வேலியோரம் வந்து நின்று கத்த ஆரம்பித்தன. சாறு முன்னைவிடக் குறைவாகத்தான் வந்தது. ஆனால் உன் முகத்துக்கு வெளிச்சம் வந்தது.

ஐப்பசி அடைமழை பிடித்த ஒரு மத்தியானம் மாணிக்கம் அண்ணன் குடையும் கையுமாக மில் வாசலில் வந்து நின்றார். கீழே எல்லா மில்லிலும் தவிடு ஈரம் வாங்கிச் சிக்கடித்துவிட்டதாம், இங்கே நல்ல தவிடு கிடைக்குமா என்று பஸ் ஏறி வந்திருக்கிறார். சண்டை சண்டைதான், மாட்டுக்குப் பசிக்குமே. 'வாங்கண்ணா' என்றேன். 'வர்றேன் தங்கச்சி' என்றார். மூட்டையின்மேல் குந்திக்கொண்டு மழையையே பார்த்தார். மலைமேல் மரம் விழுந்து பஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். வந்தவருக்கு வெறும் டீயா கொடுப்பது? வீட்டில் வேறு ஒன்றுமில்லை. அடுக்களையில் தேடிக்கொண்டே நிமிர்ந்தால் பரணில் அந்த டின். நான்கு மாதத்து முறுக்கு. சிக்கு நாறிக் கிடக்கும், மாட்டுக்காவது போடலாம் என்றுதான் இறக்கித் திறந்தேன். மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். நேற்றுச் சுட்டது மாதிரி எள்ளும் எண்ணெயும் மணத்தது. ஒன்றை ஒடித்து வாயில் போட்டேன். மொறுமொறு என்றது. அடுப்படியில் நின்றபடியே நான் வாய்க்குள் சிரித்தேன், குமரா. நீ விட்ட ரெண்டு சொட்டு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றைத் தின்றார், இன்னொன்றை எடுத்தார். 'நல்லா கீது தங்கச்சி. தீபாவளிக்கு இப்பவே சுட்டுட்டீங்களா?' என்றார். நான், 'இல்லண்ணா, இது நம்ம பிள்ளைங்க நிச்சயத்துக்கு சுட்டது' என்றேன். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. கையில் மிச்சமிருந்ததை மூக்கருகே கொண்டுபோனார். தவிட்டு மூட்டையைப் பிரிக்கும்போது எப்படி முகர்வாரோ அப்படி, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். 'ஆனியில சுட்டதா?' என்றார். 'ஆனியிலதான். உங்க வூட்டுக்கு வந்து திரும்பின அதே டின்னு. எண்ணெயில குமரன் அந்த சாறு ரெண்டு சொட்டு வுட்டான்' என்றேன். அவர் மறுபடி முகர்ந்தார். வாழ்நாள் முழுவதும் சிக்கு வாடையோடு மல்லுக்கட்டிய மூக்கு அது, அதற்குத் தேடித் தேடியும் வாடை கிடைக்கவில்லை. கடைசியில், 'எங்க அவன்?' என்று கேட்டார்.

நீ தவிட்டுக் கையோடு வந்து நின்றாய். இந்தத் தடவை நீ எதையும் விளக்கவில்லை என்பதில்தான் எனக்குப் பெருமை. ஒரு முறத்தில், புதிதாகச் சாறு எடுத்த தவிட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாய். ஒரு பிடி எடுத்து இறுக்கினார். கையைத் திறந்தார். கொஞ்ச நேரம் உருண்டையாக நின்று, பிறகு நடுவில் விண்டது. 'முன்ன மாரி இல்ல. வுட்டு வெச்சிருக்கியா உள்ள?' என்று உன்னிடம் கேட்டார். 'வுட்டு வெச்சிருக்கேன் மாமா' என்றாய். 'ஏன்?' என்றார். 'லட்சுமிக்கு' என்றாய். மாணிக்கம் அண்ணன் மழையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் வந்ததும் ஒரு சின்ன மூட்டையை யாரையும் தூக்கவிடாமல் தன் தோளிலேயே வைத்துக்கொண்டு, 'நான் சொல்றதுக்கு ஒன்னியுமில்ல. அவகிட்ட கேட்டுட்டு சொல்றேன்' என்றார். எவளிடம் என்று நாமும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ரேவதிதான் போன் பண்ணினாள். பேச முடியாமல் சிரிப்பு. 'அத்தை, லட்சுமி வாளி அடிவரைக்கும் நக்கிட்டு, வாளி தலையில மாட்டிக்கினு வாசலெல்லாம் சுத்துது. புடிக்க ஆளு பத்தல. அப்பா பின்னாடியே ஓடறாரு' என்றாள். பின்னால் வாளி சுவரில் இடிக்கிற சத்தமும், 'ஏய் நில்லுடி, நில்லுடி' என்று அண்ணன் குரலும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க அவரே போனை வாங்கி, 'தங்கச்சி, தட்டைக் கொண்டாங்க' என்றார். நான் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன், நல்ல பதில்தான். சொல்லாமல், 'கொண்டு வர்றோம்ண்ணா' என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதேன். நீ அப்போது வேலியோரம் நின்று பக்கத்து வீட்டு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாய்.

இரண்டாவது நிச்சயத்துக்கு நான் புதுசாக எதுவும் சுடவில்லை. அதே டின்னைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். விஷயம் தெரிந்ததும் பந்தலில் சகுனம் சொன்னவர்தான் முதல் ஆளாக வந்து எடுத்தார். உன் அப்பா, 'சண்டை பழசாச்சு, முறுக்கு பழசாவல' என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசியதிலேயே நல்ல பேச்சு அது. மாணிக்கம் அண்ணன், 'சம்மந்தி, இனிமே எங்க கடைக்கு அந்த சாறு எடுத்த தவிடுதான் வேணும், அது சீக்கிரம் சிக்கடிக்கறதில்ல' என்றார். நானும் சிரித்துக்கொண்டே, 'மாட்டைக் கேட்டு சொல்றோம்' என்றேன். இந்தத் தடவை சிரித்துச் சொன்னேன், பார்த்தாயா. பேச்சு அதேதான், முகம்தான் வேறு. மனிதர்கள் பொறுத்துக்கொள்வது முகத்தைப் பார்த்துத்தான்.

இப்போது நான் சொல்ல வந்தது. உன் தொழிலே எடுப்பதுதான் குமரா. ஒன்றிலிருந்து நல்லதைப் பிரித்து எடுப்பதை நீ படித்திருக்கிறாய், அதில் நீ கெட்டிக்காரன். ஆனால் குடித்தனத்திலும் எல்லாரும் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். நான் உன் அப்பாவிடமிருந்து பொறுமையை எடுத்தேன், அவர் என்னிடமிருந்து பேச்சை எடுத்தார். எடுப்பது தப்பில்லை. எடுத்த பிறகு மிச்சமிருப்பது கையில் பிடித்தால் நிற்க வேண்டும், அதில் அவளுக்கென்று ருசி இருக்க வேண்டும். கல்லாவில் உட்கார்ந்து அதட்டியவள் இங்கே வந்தும் அதட்டட்டும், மில்லையும் கொட்டகையையும் சேர்த்தே அதட்டட்டும். எனக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டும். அவள் சிரிப்பு குறைந்திருக்கிறது என்று ஒருநாள் தோன்றினால், இன்னொரு தடவை ஊறவைக்காதே, நிறுத்திக்கொள். கடைசிச் சொட்டை விட்டுவைக்கத் தெரிந்தவன் நீ. அதை மாட்டுக்குச் செய்தாய், மனைவிக்குச் செய்ய மாட்டாயா?

லட்சுமியையும் சீர்வரிசையோடு அனுப்பப்போகிறார்கள், தெரியுமோ? உனக்குச் சொல்லாமல் வைத்திருக்கச் சொன்னார் மாமா, ஆனால் என் வாயில் எது நிற்கும். அவளைப் பிரிந்து அவர் எப்படி இருப்பாரோ என்று ரேவதியிடம் கேட்டேன். 'வாரத்துக்கு ஒருவாட்டி லோடு எடுக்க வருவாரு அத்தை. லோடு சாக்குதான், மாட்டைப் பாக்க வருவாரு' என்றாள். மாட்டை மட்டும்தானா பார்க்க வருவார்? அவர் வரும்போதெல்லாம் லட்சுமியின் வாளியையும் பார்ப்பார், மகளின் முகத்தையும் பார்ப்பார். இரண்டும் நிறைவாக இருக்கும்படி பார்த்துக்கொள். அது போதும் அவருக்கு, அது போதும் எனக்கு.

வண்டிச் சத்தம் கேட்கிறது, நீங்கள் திரும்பிவிட்டீர்கள் போல. ஒன்றே ஒன்று. கல்யாணப் பலகாரம் நாளை சுட ஆரம்பிக்கிறேன், பாட்டிலோடு வந்து நில், இந்தத் தடவை கரண்டியால் அடிக்க மாட்டேன். அந்தப் பழைய டின்னில் நிச்சயத்துக்குக் கொடுத்தது போக ஒரு முறுக்கை எடுத்து, மூடி போட்ட டப்பாவில் தனியாக வைத்திருக்கிறேன். உனக்கும் ரேவதிக்கும் முதல் சண்டை வருகிற அன்று இரண்டு பேருமாக என்னிடம் வாருங்கள். யார் பக்கம் நியாயம் என்று நான் கேட்க மாட்டேன். முறுக்கை ஆளுக்குப் பாதியாக ஒடித்துக் கொடுப்பேன், தின்றுவிட்டுப் போங்கள். அது கெட்டிருக்காது.

அம்மா